காவலும் காக்கப்படுவோரும்: வியத்நாம் போர் பற்றிய மூன்று நூல்களில் சுற்றுக்காவல்

1. முன்னுரை

போரைப் பாடிய இலக்கியம் உலக மொழிகள் பலவற்றில் உண்டு. காவலைப் பாடிய இலக்கியம் குறைவு. போர் நிகழ்ச்சியாவது; காவல் காத்திருப்பாவது. நிகழ்ச்சி கதையாதல் எளிது. காத்திருப்பு கதையாதல் அரிது. ஆயினும் அயல்நாட்டுப் போரொன்றிற் புகுந்த படைவீரன் தன் நாட்களுள் மிகப் பலவற்றைக் கழிப்பது பெரும்போர்க் களத்தில் அன்று. பாலத்தையும் பாதையையும் வானூர்தித் தளத்தையும் ஊரையும் சுற்றிவரும் காவலிலேயே அவன் காலம் கழிகின்றது. பேச்சு வழக்கில் 'ரோந்து' என்று நாம் கூறும் இதனையே ஈண்டுச் சுற்றுக்காவல் என்று வழங்குகின்றோம்.

வியத்நாம் போரில் அமெரிக்க மரீன் படையினர் மேற்கொண்ட சுற்றுக்காவலைப் பொருளாகக் கொண்ட மூன்று நூல்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. மரீன் படையாவது கப்பலிற் சென்று கரையிறங்கிப் பொரும் காலாட்படை. நூல்களுள் முதலாவது, பிலிப் கபுட்டோ எழுதி 1977இல் வெளிவந்த 'போர் பற்றிய ஒரு வதந்தி'. இரண்டாவது, பிங் வெஸ்ட் எழுதி 1972இல் வெளிவந்த 'ஊர்'. மூன்றாவது, லெ லி ஹேஸ்லிப் என்னும் வியத்நாமியப் பெண்மணி ஜே வூர்ட்ஸ் என்பாரின் துணையோடு எழுதி 1989இல் வெளியிட்ட 'வானும் மண்ணும் இடம் மாறிய காலை'. மூன்றும் ஆங்கில நூல்கள். தலைப்புகளை யாமே தமிழாக்கித் தந்துள்ளோம். முதலிரண்டும் மரீன் படையிற் பணியாற்றியோர் எழுதியன. மூன்றாவது, அப்படையினர் சுற்றிவந்த நாட்டுப்புறத்திற் பிறந்து வளர்ந்தவர் எழுதியது.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. ஒப்பிலக்கியம் பயிற்றுங்கால் வெஸ்டின் நூலையே காவலிலக்கியத்தின் சிறந்த சான்றாக யாம் பல்லாண்டு கூறிவந்தோம். அதன் அடக்கமான நடையும், ஆசிரியர் தம்மை முன்னிறுத்தாத பண்பும் எம்மைக் கவர்ந்திருந்தன. ஒருநாள் முதுகலை மாணவி ஒருவர், "ஊர் என்பது நூற்பெயர், ஊரார் எங்கே பேசுகின்றனர்?" என்று வினவினார். அன்று யாம் விடை கூறேம். அவ்வினாவை உட்கொண்டு மூன்று நூல்களையும் மீளக் கற்றபோது எம் முடிபு மாறிற்று. மாறியவாறும் மாறிய காரணமும் ஈண்டு உரைக்கப்படும்.

2. காவலின் மூன்று உறுப்பு

அயல்நாட்டு நூல்களைத் தமிழ் நூல்களோடு ஒப்பிடுங்கால் கடன்கொண்டது யாது, கொடுத்தது யாது என்று ஆராய்தல் ஒரு முறை. அம்முறைக்கு ஈண்டு இடமில்லை. இந்நூலாசிரியர் எவரும் தமிழ் அறிந்தவர் அல்லர். நம் மரபிற் கண்ட தெளிவை அளவுகோலாகக் கொண்டு பிறவற்றை அளந்தறிதல் மற்றொரு முறை. இம்முறை ஒன்றே எமக்கு உடன்பாடு.

மதுரைக்காஞ்சி நள்ளிரவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்காப்பாளரைக் காட்டுகின்றது. அவர் கள்வரின் சூழ்ச்சி அறிந்தவர்; துயிலாத கண்ணினர்; மழை பொழிந்து தெருவில் நீர் ஓடும் இரவிலும் சோராது வருபவர். முல்லைப்பாட்டு பாசறையின் காவலைக் காட்டுகின்றது. ஆங்கு அரசனின் பள்ளியறையை அணுகி நின்று காப்போர் மிலேச்சர் எனப்படும் வேற்று நாட்டார். நாவால் உரையாடாது உடற்குறிப்பால் உணர்த்துவோர். வேற்று நாட்டானைக் காவலனாகக் கொள்ளுதல் பழந்தமிழகம் அறியாத ஒன்று அன்று என்பது இதனாற் போதரும்.

இவ்விரு காட்சிகளையும் நோக்கின், காவல் என்பது மூன்று உறுப்பு உடையது என்பது விளங்கும். காப்பவன் ஒன்று, காக்கப்படுவது ஒன்று, எதனின்று காக்கப்படுகின்றதோ அப்பகை ஒன்று. மதுரையில் காப்பவர் ஊர்காப்பாளர், காக்கப்படுவது உறங்கும் ஊர், பகை கள்வர். பாசறையில் காப்பவர் மெய்காப்பாளர், காக்கப்படுவோன் அரசன், பகை மாற்றார். மூன்றும் வேறுவேறாக நிற்கும் வரை காவல் காவலாகவே இருக்கும். ஒன்று மற்றொன்றனுள் கலந்துவிடின் யாது நிகழும்? இவ்வினாவிற்கு விடையாகவே மூன்று நூல்களும் அமைந்துள்ளன என்பது எம் கருத்து.

3. தா நாங்: தளத்தின் காவல்

1965 மார்ச்சு 8ஆம் நாள் மரீன் படையினர் ஏறத்தாழ 3,500 பேர் தென் வியத்நாமின் தா நாங் நகரத்திற்கு வந்தனர். ஒரு பகுதியினர் கடற்கரையில் இறங்கினர். ஒரு பகுதியினர் ஒக்கினாவாத் தீவினின்று வானூர்தியில் வந்தனர். கரையிறங்கியோரைப் பள்ளி மாணவியர் மலர்மாலை சூட்டி வரவேற்றனர். அவர்க்கு இடப்பட்ட பணி வானூர்தித் தளத்தைக் காத்தல் ஒன்றே. வியத் காங் போராளிகளைத் தேடிச் சென்று பொருதல் அன்று. வானூர்தியில் வந்தோருள் ஒருவர் இளநிலை அலுவலரான கபுட்டோ.

நூலின் முதற்பகுதி இக்காவலைக் கூறுகின்றது. வெயில், கொசு, உறக்கமின்மை, முள்வேலிக்கு அப்பால் எதுவும் நிகழாத இரவுகள் என்பனவே அதன் பொருள். ஈண்டுக் காவலின் மூன்று உறுப்பும் செவ்வனே பிரிந்து நிற்கின்றன. காக்கப்படுவது தளம், தளத்திற்கு முகம் இல்லை, அது காவலனைக் கண்டு அஞ்சுவதும் இல்லை, வெறுப்பதும் இல்லை. இப்பகுதியில் நடை துள்ளலாக உள்ளது. தம் இளமைச் செருக்கை ஆசிரியர் மறைத்திலர்.

அந்நிலை நீடித்தது சில கிழமைகளே. ஏப்ரல் திங்களிலேயே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனின் ஒப்புதலால் படையின் பணி விரிந்தது. வேலிக்குள் நின்று தளத்தைக் காத்தல் இயலாது. வேலிக்கு வெளியே சென்று சுற்றுப்புறத்தைத் தூய்மை செய்தாலன்றித் தளம் காக்கப்படாது என்பது படைத்தலைவர் கொண்ட அளவை. அளவை பிழையன்று என்று தோன்றும். ஆயின் வேலிக்கு வெளியே இருந்தன யாவை? நெல்வயலும் மூங்கிற் புதரும் குடிசையும் கிணறும் ஆகும். காக்கப்படும் பொருளுக்கும் பகைக்கும் இடையே ஊர் வந்து நின்றது. தளத்தைக் காக்கப் புறப்பட்ட காவல் ஊரைத் துருவும் காவலாயிற்று.

நூலின் நடுப்பகுதி, மொழியாராய்ச்சி உடையார் ஊன்றிக் கற்றற்குரியது. கபுட்டோ சில திங்கள் இறந்தோரையும் புண்பட்டோரையும் பதிவு செய்யும் அலுவலில் அமர்த்தப்பட்டார். புண் ஒவ்வொன்றிற்கும் படைத்துறை வகுத்த சொல் உண்டு. அச்சொல்லாலன்றிப் பதிதல் கூடாது. உடலின் சிதைவை மறைக்கும் அச்சொற்களை அவர் கற்றவாறும், கற்றபின் தம் உடன் உண்போர் உருவிலும் பிணத்தைக் காணத் தொடங்கியவாறும் இப்பகுதியிற் கூறப்படுகின்றன. பகைவர் பிணத்தை எண்ணுதலும் அவ்வலுவலின் பகுதியே. இறந்துகிடப்பவன் வியத்நாமியன் ஆயின் அவன் பகைவன் என்பது எண்ணுவோர் கைக்கொண்ட வழக்கம். பகை என்னும் உறுப்பு ஈண்டுச் சொல்லளவிலேயே சிதைந்தது என்க. பகைவன் ஆதலின் கொல்லப்பட்டான் என்பது போய், கொல்லப்பட்டமையின் பகைவன் ஆயினான் என்பது நின்றது.

சொல்லிற் சிதைந்தது செயலிற் சிதைதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. மீண்டும் காவற்பணிக்குச் சென்ற கபுட்டோவின் வீரர், கண்ணிவெடியாலும் மறைபொறியாலும் நாளும் அழிந்தனர். வெடியைப் புதைத்தவன் கண்ணிற் படவில்லை. அதன்மேல் நடவாத ஊரார் கண்ணிற் பட்டனர். இந்நிலையில், இரு வியத்நாமியரை வியத் காங்கினர் என ஓர் இளைஞன் காட்டிக்கொடுத்தான். அவ்விருவரையும் பிடித்துவருமாறு கபுட்டோ தம் வீரர் சிலரை இரவில் அனுப்பினார். பிடித்துவருக என்று வாயாற் கூறினார். கொன்று வரினும் வருந்தேன் என்பதைக் குறிப்பால் உணர்த்தினார். இதனை அவரே ஒப்புகின்றார். இருவர் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவன் காட்டிக்கொடுத்த அவ்விளைஞனே. காவலுக்கு உதவியவன் காவலாற் கொலையுண்டான். கபுட்டோ மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் வழக்குக் கைவிடப்பட்டுக் கண்டனக் கடிதம் ஒன்றோடு முடிந்தது.

நூலின் மதிப்பு இவ்விடத்தில் உள்ளது. ஆசிரியர் தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை. போரே குற்றவாளி என்று கூறி ஒதுங்கவும் இல்லை. ஆயினும் ஒரு குறையை யாம் சுட்டுதல் வேண்டும். கொலையுண்ட இருவரைப் பற்றி நூல் நமக்கு அறிவிப்பது சிறிது. அவர் தாயர் யாவர், அவர் வீட்டில் மறுநாள் யாது நிகழ்ந்தது என்பன கூறப்படவில்லை. கூறாமை ஆசிரியரின் வன்னெஞ்சத்தால் அன்று. அவர் அறிந்திலர் என்பதே உண்மை. சுற்றுக்காவல் செல்வோன் ஊரின் வெளிப்புறத்தையே காண்கின்றான். நெஞ்சறிய உரைத்த இந்நூலிலும் உட்புறம் இருளாகவே கிடக்கின்றது.

4. பின் நியா: ஊரின் காவல்

அவ்வுட்புறத்தில் வாழ்ந்து காத்தவர் கதை வெஸ்டின் 'ஊர்'. 1965இல் ஹுவே நகரை அடுத்த பூ பாய்ப் பகுதியில் மரீன் படையினர் ஒரு புதுமுறையைத் தொடங்கினர். மரீன் வீரர் பன்னிருவர் அல்லது பதினைவர் அடங்கிய சிறுகுழு ஒன்றும், அவ்வூரார் சேர்ந்த மக்கட்படைப் பிரிவு ஒன்றும் கூடி ஊரிலேயே தங்கி அதனைக் காத்தல் அம்முறை. தேடி அழித்தலைப் போர்நெறியாகக் கொண்ட தலைமைப் படைத்தலைவர் வெஸ்ட்மோர்லாந்து இம்முறையை விரிவாக்க விரும்பவில்லை. மரீன் படைத்தலைவர் வால்ட் இதனை ஆதரித்தார். வெஸ்ட் மரீன் படையில் அலுவலராக இருந்தவர். இக்குழுக்களோடு தாமே சுற்றுக்காவல் சென்று கண்டவர்.

அவர் நூலின் களம் குவாங் ஙாய் மாகாணத்துப் பின் நியா என்னும் ஆற்றங்கரை ஊர். 1966இல் அங்குச் சென்ற மரீன் குழு, அடுத்த ஆண்டில் ஊரை மக்கட்படையிடம் விட்டு நீங்கும்வரை, இரவுதோறும் காவல் சென்றது. குழுவில் இருந்தோருள் ஏறத்தாழப் பாதியர் இறந்தனர். 1966 செப்டம்பரில் அவர் தங்கிய சிறுகோட்டையே தாக்குண்டு அழிந்தது. எஞ்சியோர் ஊரை நீங்க வாய்ப்பிருந்தும் நீங்கிலர்.

இந்நூலின் நடை தனிச் சிறப்புடையது. ஆசிரியர் 'யான்' என்று யாண்டும் தம்மை முன்னிறுத்துவதில்லை. சுற்றுக்காவலின் நுட்பம் முழுதும் தெளிவுறக் கூறப்படுகின்றது. சென்ற வழியே மீளாமை, ஒளியும் ஒலியும் இன்றி நடத்தல், வயல் வரப்பின் நிழலிற் பதுங்கி ஆறு கடந்து வருவோரை எதிர்நோக்கல் என்பனவற்றை மரீன் வீரர் கற்றவாறு படிப்படியாக விரிகின்றது. இவற்றுட் பலவற்றை அவர் கற்றது ஊர்க் காவலர் தலைவரிடமும் மக்கட்படையினரிடமும் ஆகும். வல்லரசின் வீரன் எளிய உழவனிடம் நடக்கக் கற்றான் என்பதை மறைக்காது கூறியமை ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று.

மூவகை உறுப்பால் நோக்கின், பின் நியாவில் நிலைமை தா நாங்கினும் வேறுபட்டது. ஆங்கு ஊர் இடையே வந்து நின்றது; ஈண்டு ஊரே காக்கப்படும் பொருள். ஆதலின் காவலன் ஊரைச் சுடுதற்கு இடமில்லை. ஊரார் ஒருவர் இறப்பினும் அது காவலின் தோல்வியாகவே எண்ணப்பட்டது. இதே மாகாணத்தில்தான் 1968 மார்ச்சு 16ஆம் நாள் அமெரிக்கத் தரைப்படையினர் மை லாயில் நூற்றுக்கணக்கான ஊராரைக் கொன்றனர் என்பதை நினைவுகூரின், இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும்.

இவை யாவும் யாம் முன்னர்க் கூறிவந்தனவே. இன்றும் மறுத்திலோம். ஆயின் ஒன்றனை முன்னர்க் காணத் தவறினோம். பின் நியாவை இரவில் தாக்க வந்தோர் யாவர்? அவருட் பலர் அவ்வூரிலும் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் பிறந்தோர். ஊராரின் மக்களும் உடன்பிறந்தோரும் ஆவர். ஆகவே காப்போர் ஊருக்கு வேற்றார். தாக்குவோர் ஊருக்கு உறவினர். மகன் கொல்லப்பட்டால் தாய் அழுவாள்; அவ்வழுகை காவலின் வெற்றிக்கு அடையாளம் ஆகுமோ? இவ்வினாவை நூல் முழுதும் மறைத்ததன்று. உறவினர் எதிரெதிர் நின்றமையை அது குறிக்கின்றது. ஆயின் குறித்துக் கடந்துசெல்கின்றது. காவலின் கதையாதலின் காவலுக்கு உதவியோரையே அது பெயர் கூறி அறிமுகம் செய்கின்றது. வாய்திறவாதிருந்தோர் பின்புலமாகவே நிற்கின்றனர். ஊரிலோ வாய்திறவாதிருந்தோரே மிகப் பலர்.

நூலின் பிற்பதிப்பு ஒன்று, போரை இவ்வாறு நடத்தியிருத்தல் கூடும் என்னும் கருத்தோடு வெளியிடப்பட்டது. இக்கூட்டுக்காவல் முறை உச்சநிலையில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குழுக்களையே கொண்டிருந்தது, 1971இல் முடிவுற்றது, 1975இல் தென் வியத்நாம் அரசும் வீழ்ந்தது. முறை விரிந்திருப்பின் வென்றிருக்குமா என்பது வரலாற்றார் ஆராய்தற்குரியது. இலக்கியம் ஆராய்வார் அதனுட் புகுதல் வேண்டா. எம் வினா வேறு. ஒரு நூல் கொள்கைக்குச் சான்றாக எடுத்தாளப்படுங்கால், அந்நூலில் யார் பேசவில்லை என்பதும் சான்றின் பகுதியாதல் வேண்டும். இதனையே மாணவியின் வினா எமக்கு உணர்த்திற்று.

5. கீ லா: எதிர்காவல்

லெ லி ஹேஸ்லிப் 1949இல் தா நாங்கிற்கு அருகிலுள்ள கீ லா என்னும் ஊரில் உழவர் குடியில் ஆறு மக்களுள் இளையவராகப் பிறந்தார். 1986இல் தாயகம் மீண்ட பயணத்தையும் இளமை நினைவுகளையும் மாறிமாறிக் கூறுவது அவர் நூல். கபுட்டோ சுற்றிவந்த நாட்டுப்புறமும் இவ்வூரும் ஒரே நகரத்தின் புறத்தே அமைந்தன. ஆதலின் இரு நூல்களையும் அருகருகே வைத்துக் கற்றல் ஒரே வயலின் இருகரையில் நின்று நோக்குதல் போலாம்.

கரைமாறி நோக்கியபோது யாம் கண்ட முதல் உண்மை வியப்பூட்டுவது. அச்சிறுமியும் ஒரு காவலர்! அரசுப் படையினரும் பின்னர் அமெரிக்கரும் வரும் வழியை நோக்கி நின்று, வருகையைப் போராளிகளுக்கு உணர்த்துதல் அவளுக்கும் அவள் ஒத்த சிறார்க்கும் இடப்பட்ட பணி. கபுட்டோவின் நூலில் வயலோரம் வாளா நிற்கும் சிறார் உருவங்கள் படைவீரனின் ஐயத்திற்கு இலக்காகின்றன. ஹேஸ்லிப்பின் நூலில் அவ்வுருவம் பேசுகின்றது: 'யான் நின்றது வாளா அன்று, காவல் நின்றேன்' என்பதே அதன் பேச்சின் பொருள். எனவே படைவீரனின் ஐயம் அடிப்படை அற்றதன்று. இவ்வுண்மையை மறைத்து ஊரார் யாவரும் யாதும் அறியாதவர் எனக் கூறுதல் அவரை இழிவுபடுத்துவதேயாகும். ஊராரும் காவலர், அவர் காத்தது தம் ஊரை என்று அவர் நம்பினர்.

இரண்டாம் உண்மை துயரமானது. அரசினர் அவளைப் பிடித்துச் சிறையிலிட்டு வதைத்தனர். விடுதலை பெற்று மீண்டவளை, விரைவில் விடப்பட்டமையே காரணமாக, போராளிகள் ஐயுற்றனர். காட்டிக்கொடுத்தவள் என முடிபு செய்து அவளுக்குக் கொலைத் தண்டனை விதித்தனர். அதனை நிறைவேற்றப் பணிக்கப்பட்ட இருவர் அவளைக் கொல்லாது விட்டனர்; ஆயின் கற்பழித்தனர். பகலின் காவலும் அவளைத் தண்டித்தது. இரவின் காவலும் அவளைத் தண்டித்தது. காப்பவள், காக்கப்படுபவள், பகை என்னும் மூன்றும் ஒரே சிறுமியின் உடலில் வந்து கூடின. மூன்று உறுப்பும் கலப்பின் யாது நிகழும் என்னும் எம் வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை.

இந்நூலையும் ஆராய்ச்சிக் கண்ணோடே நோக்குதல் வேண்டும். இது ஆங்கிலத்தில், துணையாசிரியர் ஒருவரின் கைபட்டு, அமெரிக்கப் படிப்போரை நோக்கி எழுதப்பட்டது. நிகழ்ச்சிகளுக்கு இருபது ஆண்டுகளின் பின்னர் நினைவினின்று கூறப்பட்டது. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் மன்னித்தல் வேண்டும் என்பது இதன் வெளிப்படையான நோக்கம். சில இடங்களில் நோக்கம் நிகழ்ச்சியை முந்துகின்றது. ஆதலின் கீ லாவின் குரல் முழுதும் இதுவே எனக் கொள்ளற்க. ஆயினும், முன்னைய இரு நூல்களில் இருண்டு கிடந்த உட்புறத்தில் ஏற்றிய விளக்கு இது என்பதில் ஐயம் இல்லை.

6. புறத்திணையுள் அடங்குமா?

அயல்மொழிப் போர் நூல் எதனைக் காணினும் அதனை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை எனப் பெயரிட்டு அமைதி கொள்ளும் போக்கு நம் ஒப்பிலக்கியக் கட்டுரைகளுட் சிலவற்றிற் காணப்படுகின்றது. பெயரிடுதல் ஆராய்ச்சியாகாது. இம்மூன்று நூல்களையும் அவ்வாறு பெயரிட முயல்வோம். எங்கே பெயர் பொருந்தவில்லையோ அங்கேயே ஆராய்ச்சி தொடங்கும்.

மண்ணாசையால் மாற்றான் நாட்டின்மேற் செல்வது வஞ்சி. மரீன் படையினர் கடல்கடந்து சென்றனர். ஆயின் அம்மண்ணைத் தம் நாட்டோடு சேர்த்துக்கொள்ளச் சென்றவர் அல்லர். அந்நாட்டு அரசின் துணைவராகச் செல்வதாகவே கூறினர். தன் அரண் காத்தல் நொச்சி. பின் நியாவின் சிறுகோட்டையை மரீன் வீரர் உயிர்கொடுத்துக் காத்தனர். ஆயின் அது அவர்தம் அரண் அன்று. இருபடையும் களங்குறித்து எதிர்நின்று பொருவது தும்பை. இந்நூல்களில் களமும் குறிக்கப்படவில்லை, எதிரியும் எதிர்நிற்பதில்லை. தா நாங் கரையில் மாலை சூட்டப்பட்டது உண்மை. பூச்சூடிச் செல்வது போர்மரபாகக் கொண்ட நாம், அது எப்பூ என்று வினவுதல் இயல்பு. அது திணைப்பூ எதுவும் அன்று. விருந்தினர்க்குச் சூட்டும் பூ. விருந்தினராக ஏற்கப்பட்டோர் காவலராகிப் பின் வேட்டுவராயினர் என்பதே முதல் நூலின் உள்ளுறை.

பகைவர் நாட்டை எரியூட்டுதலைப் புறப்பொருள் வெண்பாமாலை உழபுலவஞ்சி என்னும் துறையாக்கிற்று. கபுட்டோவின் வீரர் ஓர் ஊரை எரித்த நிகழ்ச்சி நூலில் உண்டு. அதனை இத்துறையுள் அடக்கலாமோ? செயல் ஒன்றே எனினும் நிலை வேறு. நம் துறையில் எரியூட்டல் வேந்தன் வெற்றியாகப் புலவனாற் பாடப்பெறுவது. கபுட்டோவின் நூலில் அது கட்டளையின்றி, சினத்தின் வெறியில் நிகழ்ந்து, தலைவனாலேயே நாணத்தோடு கூறப்படுவது. பாடாண் பொருள் ஈண்டுப் பழிகூறும் பொருளாயிற்று.

நம் முன்னோர் போர் முழுதும் அறப்போர் என நாட்டுதலும் எம் கருத்தன்று. உழபுலவஞ்சி என ஒரு துறை வகுக்கப்பட்டமையே அக்கூற்றை மறுக்கும். ஆயினும் பொருவதற்கு முன் பெண்டிரும் பிணியுடையாரும் பிறரும் அரண் புகுமாறு அறிவித்தலைப் பாராட்டும் புறப்பாட்டு ஒன்றும் நம்மிடம் உண்டு. வியத்நாமிலும் அறிவிப்பு இருந்தது. வானூர்தியினின்று துண்டறிக்கை வீசியும், ஒலிபெருக்கியாற் கூறியும் ஊரை விட்டு நீங்குமாறு பணித்தனர். நீங்காதார் பகைவர் எனக் கொள்ளப்பட்டனர். அறிவிப்பு என்னும் அளவில் இரண்டும் ஒன்று, பயனில் வேறு. முன்னது போரினின்று மக்களைப் பிரித்தது. பின்னது மண்ணினின்று மக்களைப் பிரித்தது. முன்னோர் கல்லறையையும் விளைநிலத்தையும் விட்டு நீங்காத உழவன் அதனாற் பகைவன் ஆயினான்.

இவ்வாறு நோக்குங்கால், புறத்திணை இந்நூல்களுக்கு உறையாகப் பொருந்தவில்லை, உரைகல்லாகவே பயன்படுகின்றது. யாண்டுப் பொருந்தவில்லையோ ஆண்டே இப்போரின் தனியியல்பு புலனாகின்றது. காப்பவன் யார், காக்கப்படுவோர் யார், பகைவன் யார் என்னும் தெளிவின்மேல் எழுந்தது நம் புறத்திணை மரபு. அத்தெளிவு அற்றவிடத்துத் திணையும் இல்லை, துறையும் இல்லை.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூன்று நூல்களும் ஒரே பொருளின் மூன்று நிலைகளைக் காட்டுதல் தெளிவாம். கபுட்டோவின் நூலில் தளத்தைக் காக்கப் புகுந்தோர் ஊரைப் பகையாக்கினர். வெஸ்டின் நூலில் ஊரைக் காக்கப் புகுந்தோர் ஊருக்காக உயிர் கொடுத்தனர். ஆயின் ஊரின் ஒரு பாதியையே அறிந்தனர். ஹேஸ்லிப்பின் நூலில் காக்கப்படுவதாகக் கூறப்பட்டவர், தம்மைக் காத்தோர் யாவர்க்கும் அஞ்சி வாழ்ந்தார்.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு யாம் முன்னர் அளித்த விடை வெஸ்டின் நூல் என்பது. இன்று அவ்வாறு கூறேம். நடையின் ஒழுங்கில் அது முதன்மையானதே. தன்னெஞ்சைத் தானே சான்றாக்கி உரைத்தலில் கபுட்டோவின் நூல் அதனை விஞ்சும். கட்டமைப்பில் ஹேஸ்லிப்பின் நூல் மூன்றனுள் தளர்ந்தது. ஆயினும் அஃதின்றேல் ஏனை இரண்டும் பாதி நூல்களே. ஆகவே இம்மூன்றனுள் ஒன்றைத் தனியே பாடமாக்குதல் தகாது. மூன்றனையும் ஒருசேரப் பயிற்றுதலே தக்கது என்பது எம் முடிபு. ஒன்றைத் தனியே கற்போர் வீரத்தையோ குற்றத்தையோ துயரத்தையோ மட்டும் காண்பர். ஒருசேரக் கற்போரே சுற்றுக்காவல் என்பது யாது என்று அறிவர்.

மதுரையின் ஊர்காப்பாளர் தெருவிற் செல்லும் காலடி ஓசையைக் கேட்டு உள்ளே உறங்குவோர் அச்சம் நீங்கினர் எனக் கருதுதல் தவறாகாது. கீ லாவின் குடிசைக்குள் கிடந்தோர், வெளியே கேட்ட காலடி எவருடையதாயினும் அஞ்சினர். கேட்போர் உறங்குகின்றனரா, விழித்து நடுங்குகின்றனரா என்பதே காவலை அளக்கும் அளவை. காவலிலக்கியத்தை இனி ஆராய்வோர் காவலன் கண்டவற்றோடு நில்லாது, அவன் காலடியை உள்ளிருந்து கேட்டோர் கூற்றையும் தேடிக் கற்றல் வேண்டும்.